மலைப்பாதைக்கு ஏற்ற கிளச்

கண்டியிலிருந்து வத்தேகம வழியாக மடுல்கெல்லைக்கு ஏறும் பாதையில் மோட்டார் செலுத்துவோரின் இடக்காலுக்கு ஓய்வு அரிது. கொண்டையூசி வளைவில் எதிரே பஸ் வரும். மேட்டிலேயே நிறுத்தி, மேட்டிலேயே மீண்டும் புறப்படவேண்டும். வேகக் கார் ஒன்றை வாங்கி அதன் எந்திரத்துக்கு வலுவூட்டிய இளைஞர், கிளச் வழுக்கத் தொடங்கியதும் கடையிலே கேட்பது ஒன்றே: "உள்ளவற்றுள் மிகப் பலமானது எது?" கேள்வியே பிழையானது.

கிளச் தாங்கும் முறுக்குவிசை, லைனிங்கின் உராய்வு, அதனை அழுத்தும் வில்லின் வலிமை, தட்டின் ஆரை, உராயும் முகங்களின் தொகை ஆகியவற்றைப் பொறுத்தது. வில்லை வலுப்படுத்தினால் பெடல் கனக்கும். உலோகத் துண்டுகள் பதித்த தட்டு கடுஞ்சூட்டைத் தாங்கும். ஆனால் சட்டெனப் பற்றும். நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் போன்றவற்றில் ஓர் ஓட்டத்துக்குப் புறப்பாடு ஒன்றே. அங்கே அது நன்று. மடுல்கெல்லைப் பாதையிலோ கார் குலுங்கும், எந்திரம் நின்றுவிடும், வண்டி பின்னோக்கி உருளும். பின்னால் நிற்பது கொழுந்து லொறியாகவும் இருக்கலாம்.

எந்திரத்தின் உச்ச முறுக்குவிசையை அறிந்து, அதனிலும் சற்றே கூடுதலாகத் தாங்கும் தட்டைக் கேட்டல் தகும். நாரும் பிசினும் கலந்த லைனிங்கும், நடுவே அதிர்ச்சியைத் தணிக்கும் சுருள்விற்களும் அதற்கு இருத்தல் வேண்டும். பறப்புச்சில்லையும் இலேசாக்க விரும்புவோர் உளர். மேட்டில் புறப்படுங்கால் அதன் பாரமே துணைசெய்வதை அவர்கள் எண்ணுவதில்லை. புதுத் தட்டைப் பூட்டியபின் சில நூறு கிலோமீற்றர் மெல்லச் செலுத்தி, உராயும் முகங்கள் ஒன்றோடொன்று பொருந்த இடங்கொடுத்தல் வேண்டும்.