மனுவை வாங்கு, ரசீதைக் கொடு!
(காரைக்கால் மாவட்ட விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மேடையில வழக்கமா நாம காவிரித் தண்ணியைப் பத்தி, பயிர் இன்சூரன்ஸ் பத்தி, நெல் கொள்முதல் பத்திப் பேசுவோம். இன்னிக்குப் பேசப் போறது போலீஸ் ஸ்டேஷன் வாசலைப் பத்தி. கொலை, கொள்ளைக் கதை இல்லை. நம்ம மாதிரி ஆளுங்க சாதாரணமா என்னத்துக்கு ஸ்டேஷன் போறோம்? மோட்டார் கொட்டகையில கேபிளை அறுத்துட்டுப் போயிட்டான். கட்டுத்தறியில இருந்த மாட்டைக் காணோம். வாய்க்கால் கரையை ராத்திரியில எவனோ வெட்டி விட்டுட்டான். பத்திரம் தொலைஞ்சு போச்சு, நகல் வாங்கணும்னா போலீஸ்ல சர்டிபிகேட் வேணும்ங்கறான். அம்மன் கோயில் திருவிழாவுக்கு மைக் செட் பர்மிஷன். இவ்வளவுதான்.

இதுக்குப் போனா என்ன பதில் கிடைக்குது? நீங்க எல்லாரும் மனப்பாடமா சொல்லுவீங்க. "அய்யா ரவுண்ட்ஸ் போயிருக்காரு, நாளைக்கு வா." மறுநாள் போனா "யார் மேல சந்தேகம்? பேரைச் சொல்லு." பேர் தெரிஞ்சா நாம ஏன்யா ஸ்டேஷனுக்கு வரோம்? கண்டுபிடிக்கிறதுக்குத்தானே சம்பளம்! அப்புறம் "சின்ன விஷயம், பேசி முடிச்சுக்கங்க." ஒரு மோட்டாருக்குக் கேபிள் போனா, புதுசு வாங்கி, ஆள் வச்சு இறக்கி மாட்டுறதுக்குள்ள நாத்தங்கால் காஞ்சிடும். அது அவங்களுக்குச் சின்ன விஷயம்.

பேசுற விதத்தையும் சொல்லணும். அறுபது வயசு ஆளை "நீ, வா, போ"ன்னு பேசுறது. நிக்க வச்சே பேசுறது. அதே நேரத்துல வெள்ளை வேட்டியில கட்சிக்காரர் ஒருத்தர் வந்தா நாற்காலி வருது, டீ வருது. சேரியிலேருந்து போற தொழிலாளிக்கு நமக்குக் கிடைக்கிற அந்தப் பதில்கூடக் கிடைக்கிறதில்ல, வாசல்லயே திருப்பி அனுப்பறாங்க. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 4-வது பிரிவு இதுக்குத்தான் இருக்கு: கடமையை வேணும்னே செய்யாத அரசு ஊழியருக்கு ஆறு மாசத்திலிருந்து ஒரு வருஷம் வரைக்கும் சிறை. 2018-ல வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தச் சட்டத்தில வழக்குப் பதிய முன்விசாரணையே தேவையில்லை. இந்த ரெண்டையும் நம்ம தொழிலாளர் தோழர்கள் தெரிஞ்சு வச்சுக்கணும்.

இப்ப நம்ம ஊருக்கே உரிய ஒரு கொடுமைக்கு வரேன். காரைக்கால் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். கிழக்கே கடல். வடக்கே பூவம் தாண்டினா தமிழ்நாடு, தெற்கே வாஞ்சூர் தாண்டினா தமிழ்நாடு, மேற்கே அம்பகரத்தூர் தாண்டினாலும் தமிழ்நாடு. 2020 டிசம்பர்ல மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனதுக்குப் பிறகு நம்மைச் சுத்தி ஒண்ணுக்கு மேற்பட்ட மாவட்டப் போலீஸ். வீடு இந்தப் பக்கம், நிலம் அந்தப் பக்கம்னு எத்தனை பேர் இருக்கோம்! மாடு காணோம்னு இங்க போனா, "மேய்ஞ்ச இடம் தமிழ்நாடு லிமிட், அங்க போ"ங்கறாங்க. அங்க போனா "உன் அட்ரஸ் பாண்டிச்சேரி, அங்கயே கொடு"ங்கறாங்க. இதுக்குள்ள மாடு எந்தச் சந்தைக்குப் போச்சோ! ஒரு சாராய பாட்டில் எல்லை தாண்டினா ரெண்டு பக்கத்துப் போலீசும் ஓடி வராங்க. நம்ம மாடு எல்லை தாண்டினா மட்டும் ரெண்டு பக்கமும் எல்லைக்கல்லைக் காட்டுறாங்க.

இந்தச் சாக்குக்குச் சட்டத்தில இடம் கிடையாது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா பி.என்.எஸ்.எஸ். சட்டம் நடைமுறையில இருக்கு. அதுல 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில நடந்திருந்தாலும் புகாரை வாங்கணும்னு சொல்லுது. ஜீரோ எஃப்.ஐ.ஆர்.னு பேரு. இங்க பதிஞ்சு, உரிய ஸ்டேஷனுக்கு அவங்களே அனுப்பணும். அலையறது அவங்க வேலை, நம்ம வேலை இல்லை. எஃப்.ஐ.ஆர். நகலைக் காசு வாங்காம கையில கொடுக்கணும்னும் அதே பிரிவு சொல்லுது.

சட்டம் புதுசுன்னு நினைக்காதீங்க. உத்தரப் பிரதேசத்துல ஒரு தகப்பன், தன் மைனர் மகளைக் கடத்திட்டாங்கன்னு ஸ்டேஷனுக்குப் போனாரு. பதியலை. மேல மேல போயி கடைசியில சுப்ரீம் கோர்ட் ஐந்து நீதிபதிகள் 2013 நவம்பர் 12-ல தீர்ப்புச் சொன்னாங்க. லலிதா குமாரி வழக்கு. பிடியாணை இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம்னு புகார்லயே தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்; போடாத அதிகாரி மேல நடவடிக்கை எடுக்கணும்னு. சில வகைப் புகார்களுக்கு முன்விசாரணை உண்டு. இப்போ புதுச் சட்டத்தில மூணு வருஷமோ அதுக்கு மேலயோ, ஆனா ஏழு வருஷத்துக்குள்ள தண்டனை உள்ள குற்றம்னா, டி.எஸ்.பி. அனுமதியோட 14 நாளைக்குள்ள முன்விசாரணையை முடிக்கணும். பதினாலு மாசம் இழுக்கச் சொல்லலை.

ஒரு இடத்துல நாம உஷாரா இருக்கணும். புதுச் சட்டப்படி களவு போன பொருளோட மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழேன்னா, அதைப் போலீஸ் தானா விசாரிக்கக்கூடிய குற்றமா எடுத்துக்காம விட வழி இருக்கு. மனுவுல "கொஞ்சம் ஒயர் போச்சு"ன்னு எழுதினா நீங்களே கதவைச் சாத்திட்டீங்கன்னு அர்த்தம். எத்தனை மீட்டர், இன்னிக்குக் கடை விலை என்னன்னு எழுதுங்க. பில் இருந்தா நகல் வைங்க. பொய்யா ஏத்தி எழுத வேணாம். உள்ளதைக் குறைக்காம எழுதுங்க. அதே மாதிரி வாய்க்காலை உடைச்சுப் பாசனத் தண்ணி வரத்தைக் குறைக்கிறது வெறும் தகராறு இல்லை. பி.என்.எஸ். 326-வது பிரிவில ஐந்து வருஷம் வரை தண்டனை உள்ள குற்றம். மாட்டை விஷம் வச்சுக் கொன்னா 325. கடைமடையில ஒரு முறைத் தண்ணிக்குக் காத்துக் கிடக்கிற நமக்கு இதெல்லாம் சின்ன விஷயமா?

நியாயத்தையும் பேசணும். வரப்பு தள்ளிப் போச்சு, அண்ணன் தம்பி பங்கு தகராறு, இதையெல்லாம் ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டுப் போறது சரியில்லை. அது சர்வேயர் வேலை, சிவில் கோர்ட் வேலை. வேடிக்கை என்னன்னா, களவுப் புகாரை வாங்க நேரமில்லாத இடத்துல நில விவகாரத்தைப் பேசி முடிக்க மட்டும் நேரம் இருக்கு. ஏன்னு நான் சொல்ல வேணாம்.

போலீஸ்காரர் எல்லாரும் கெட்டவர்னு நாம சொல்லலை. நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான் கான்ஸ்டபிளா நிக்குது. திருநள்ளாறுல சனிப்பெயர்ச்சின்னா ராத்திரி பகலா பந்தோபஸ்து. மாங்கனித் திருவிழா, மந்திரி வருகை, எல்லாத்துக்கும் அதே ஆளுங்க. ஸ்டேஷன்ல எழுத ஆள் இல்லாத நாளும் உண்டு. ஆனா வழக்கு பதியாததுக்கு அது மட்டுமே காரணம் இல்லை. எஃப்.ஐ.ஆர். போட்டா ஸ்டேஷன் கணக்குல குற்றம் ஏறும், மேலதிகாரி கேள்வி கேட்பாரு. போடலைன்னா ஊரே அமைதி! 1857 கலகத்துக்குப் பிறகு வெள்ளைக்காரன் 1861-ல போட்ட போலீஸ் சட்டத்தோட புத்தி இது. ஜனங்களை அடக்கி வைக்க உண்டாக்கின படை. நாம 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் கையில இருந்தோம். அவன் போன பிறகு இந்தப் பழக்கமும் சேர்ந்து வந்துடுச்சு. 2006-ல பிரகாஷ் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் போலீசைச் சீர்திருத்தச் சொல்லி, மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் காவல் புகார் ஆணையம் வைக்கச் சொன்னது. வருஷம் எத்தனை ஆச்சு!

வழக்குப் பதியாம விசாரிக்கிறது புகார் கொடுக்கிறவனுக்கு மட்டும் ஆபத்து இல்லை. 2025 ஜூன்ல சிவகங்கை மாவட்டம் மடப்புரத்துல ஒரு நகைப் புகாருக்காகக் கோயில் காவலாளி அஜித்குமாரைக் கூட்டிட்டுப் போயி அடிச்சதுல உயிரே போச்சு. எஃப்.ஐ.ஆர். இல்லாம எப்படி விசாரிச்சீங்கன்னு மதுரை ஐகோர்ட்டுல கேள்வி வந்தது. காகிதத்துல ஏறாத விசாரணைக்குக் கணக்கும் இல்லை, பொறுப்பும் இல்லை. நம்ம மாட்டைத் திருடினவனா இருந்தாலும் அவனை அடிச்சுக் கேளுங்கன்னு நாம கேட்கக் கூடாது. பதிஞ்சு விசாரின்னுதான் கேட்கிறோம்.

இனிமே எப்படிப் போகணும்? தனியா போகாதீங்க, ரெண்டு பேரா போங்க. மனு ரெண்டு பிரதி. ஒண்ணுல தேதியோட கையெழுத்தும் சீலும் வாங்குங்க. பக்கத்துல தமிழ்நாட்டு ஸ்டேஷன்ல சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தா வாங்கிக்குங்க, ஆனா அது எஃப்.ஐ.ஆர். இல்லைங்கறதை மறக்காதீங்க. வாங்க மறுத்தா சண்டை போடாம திரும்பி வந்து, அதே மனுவைக் காரைக்கால் சீனியர் எஸ்.பி.க்கு ஒப்புகையோட ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. அங்கயும் அசைவு இல்லைன்னா 175-வது பிரிவில மாஜிஸ்திரேட் கோர்ட்டுல உறுதிமொழிப் பத்திரத்தோட மனு போடலாம்; அதுக்கு அந்தத் தபால் ரசீதுதான் ஆதாரம். நடந்ததே இல்லைன்னு ஸ்டேஷன்ல சாதிச்சா, எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போனீங்கன்னு குறிச்சு வைங்க. 2020 டிசம்பர் 2-ல சுப்ரீம் கோர்ட் எல்லா ஸ்டேஷன்லயும், வரவேற்பு இடத்துலயும்கூட, கேமரா வைக்கச் சொல்லியிருக்கு.

நம்ம சங்கம் அதிகாரிகளிடம் வைக்கிற கோரிக்கை பெரிசு இல்லை. மனு கொடுத்த அன்னிக்கே ரசீது. எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் தமிழ்ல போர்டு. காரைக்கால், நாகை, மயிலாடுதுறை மூணு மாவட்டப் போலீசும் சேர்ந்து உட்கார்ந்து மாட்டுத் திருட்டு, கேபிள் திருட்டு பத்திப் பேசி, செம்பு வாங்குற பழைய இரும்புக் கடைகளைச் சோதிக்கணும். வர்றவங்களுக்கு உட்கார ஒரு பெஞ்சு.

இந்த வருஷம் மோட்டார், கேபிள், மாடு பறிகொடுத்தவங்க பேர், ஊர், தேதி, போன ஸ்டேஷன், சொன்ன பதில் எல்லாத்தையும் எழுதிக் கிளைச் செயலாளர்கிட்ட கொடுங்க. அந்தப் பட்டியலோடதான் ஊர்வலமா போறோம். எழுதத் தெரியாதவங்க சாயங்காலம் சங்க ஆபீசுக்கு வாங்க. தாளும் கார்பனும் வாங்கி வச்சிருக்கோம், நம்ம பிள்ளைங்க எழுதிக் கொடுக்கும்.