ஈயத்தில் பதித்த வாக்கு

இலண்டன் மாநகரை ஊடறுத்தோடும் தேம்ஸ் நதியில் நீர் வற்றும் வேளைகளில், கரையோரச் சேற்றிலே நாணயமளவான ஈய வில்லைகள் தென்படுவதுண்டு. பழங்காசென்று எண்ணி எடுப்போருக்கு ஏமாற்றமே. ஆயினும் அவற்றுட் சிலவற்றின் உள்ளே நெசவின் தடம் பதிந்திருக்கும். அருமையாகச் சிலவற்றில் கம்பளி நூலே எஞ்சியிருக்கும். துணியோ அதை உடுத்தியவரோ இன்றில்லை. அத்துணிக்குச் சான்று கூறிய முத்திரை மாத்திரம் நிலைத்திருக்கின்றது.

அம்முத்திரையின் அமைப்பு எளியது. சிறு பட்டியொன்றினால் இணைந்த இரு வட்டத் தகடுகள். ஒன்றில் முளை, மற்றதில் துளை. துணியின் ஓரத்தை இடையில் வைத்து மடித்து, முளையைத் துளையிற் செலுத்தி, அச்சுக்கொண்டு ஓங்கியடித்தால் ஈயம் நசிந்து இறுகிவிடும். பின்னர் அதனைச் சிதைக்காமற் கழற்றுதல் அரிது. விலை மலிந்ததும் மென்மையானதுமான ஈயம் இத்தொழிலுக்கென்றே பிறந்தது போலும்!

இத்தகைய காவல் எதற்கு? நனைந்த கம்பளித் துணியைச் சட்டத்திற் கொளுவி இழுத்தால் அது நீளும். அவ்வாறு நீட்டி விற்ற துணி, வாங்கியவர் மேனியில் முதல் மழையிலேயே சுருங்கிவிடும். சுருட்டிய துணியின் வெளிப்புறம் நயமாகவும் உட்புறம் மட்டமாகவும் இருத்தலும் உண்டு. இங்கிலாந்தில் 1196ஆம் ஆண்டிலேயே முதலாம் றிச்சட் மன்னன் துணியின் அகலத்துக்கு விதி வகுத்தான். 1215ஆம் ஆண்டின் மகாசாசனமும் அதனை வலியுறுத்தியது. துணியை அளந்து முத்திரையிடுவதற்கு 'ஓல்னேஜர்' என்னும் அளவை அதிகாரிகள் இருந்தனர். பிற்காலத்தில் சில முத்திரைகள் துணியைப் பழித்தும் பேசின. குறையுள்ள துணியில் 'குறையுடையது' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லே பொறிக்கப்பட்டது. தன் சரக்கின் குற்றத்தைத் தானே சுமந்து சந்தைக்கு வந்த துணி அது.

ஆனால் 1353ஆம் ஆண்டுச் சட்டம், சாதாரணத் துணியொன்றுக்கு நான்கு பென்ஸ் அரசிறை விதித்து, அதனைச் செலுத்தியமைக்கு அடையாளமாகவும் முத்திரையை ஆக்கியது. தரத்தின் சாட்சி வரியின் பற்றுச்சீட்டும் ஆயிற்று. காலப்போக்கில் அவ்வுரிமை குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைகாரருக்கு வேண்டியது பணம். துணியை விரித்துப் பார்ப்பதில் அவர்களுக்கு என்ன இலாபம்? முத்திரைகளை மொத்தமாகத் துணி வணிகரிடமே விற்றுவிட்டனர். வணிகர் தம் சரக்குக்குத் தாமே சான்று பொறித்தனர். 1724ஆம் ஆண்டில் அம்முறை ஒழிக்கப்பட்டபோது, அது அளவை முறையாக இருந்த காலம் எப்போதோ கழிந்திருந்தது.

இதற்கு நேர்மாறான வரலாறு எசெக்ஸ் மாவட்டத்துக் கொல்செஸ்டர் நகரினுடையது. பிளாண்டர்ஸ் நாட்டில் மதத்தின் பொருட்டுத் துன்புற்ற புரட்டஸ்தாந்து நெசவாளர் 1560களில் அங்கு தஞ்சம் புகுந்தனர். ஊரார் அவர்களை ஒல்லாந்தர் என்றே அழைத்தனர். அவர்கள் நெய்த 'பேஸ்' என்னும் இலேசான கம்பளித் துணி, தறியிலிருந்து இறங்கியதும் ஒரு மண்டபத்திலும், மிதித்துத் துவைத்து வெளுத்தபின் வேறொரு மண்டபத்திலுமாக இருமுறை சோதிக்கப்பட்டது. சோதித்தவரும் அத்தொழிலறிந்த அச்சமூகத்தாரே. தேறாத துணிக்கு மறுக்கும் துணிவு அவர்களுக்கு இருந்தது. கடல் கடந்த வணிகரும் அவர்தம் முத்திரையைக் கண்டு துணியை வாங்கினர்.

புகழ் வந்த இடத்திற் போலியும் வந்தது. அவர்களுட் சில குடும்பங்கள் 1576ஆம் ஆண்டளவில் அண்மையிலிருந்த ஹால்ஸ்டெட் என்னும் ஊரிற் குடியேறின. அங்கும் அவர்தம் துணிக்கு நற்பெயர் உண்டாயிற்று. ஆனால் உள்ளூர்த் துணிகாரர் சிலர்க்கு அந்நியரின் வாழ்வு கண்ணை உறுத்தியது. பிணக்கு முற்றவே, 1589ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மூட்டை முடிச்சுக்களுடன் கொல்செஸ்டருக்கே திரும்பினர். தறியும் நூலும் கையும் ஹால்ஸ்டெட்டில் குறைவின்றியே இருந்தன. இருந்தும் வியாபாரம் நலிந்தது. கூலிக்கு நூற்றும் நெய்தும் பிழைத்த ஏழைகளே முதலிற் பசித்தனர். அந்த அந்நியரைத் திருப்பியனுப்புமாறு ஊரவர் அரசிடம் விண்ணப்பித்தும், போனவர்கள் மீண்டும் வரவில்லை.