குரல் கொண்டு ஆளை அளக்கலாமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையைப் பேசுவது நம் வழக்கம். இவ்வாண்டு, அத்தமிழைப் பேசுகின்ற குரலைப் பற்றிச் சில சொற்கள் கூற எண்ணினோம். ஒருவன் பேசும் முறையைக் கேட்டமாத்திரத்தில், அவன் யாரை விரும்புகிறவன் என்னும் அந்தரங்கத்தையே அறிந்துவிட்டதாக நாம் முடிவு கட்டுகிறோமே, அது சரிதானா என்பதே பொருள். பொருள் சற்றுக் கூச்சம் தருவதுதான். ஆயினும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியது. ஆதலின் கூச்சத்தைச் சிறிது நேரம் ஒதுக்கி வைப்போம்.

நம் காலனி மைதானத்தில் மாலையில் நின்று பாருங்கள். மெல்லிய குரல் உடைய பையன், சொல்லை இழுத்துப் பேசும் பையன், பேசும்போது கைகளை அசைக்கும் பையன், இவர்களுக்கு உடனே ஒரு பட்டம் கிடைத்துவிடுகிறது. தமிழில் ஒன்பது என்பார்கள். இந்தியில் ஆறு என்று பொருள்படும் சொல்லால் அழைப்பார்கள். கணக்கில் ஒரு குற்றமும் செய்யாத இரண்டு எண்களை நாம் வசைச் சொற்களாக்கி வைத்திருக்கிறோம்! திருநங்கையரை இழிவு செய்யப் பிறந்த அச்சொற்களே இச்சிறுவர்கள் மேலும் வீசப்படுகின்றன. இதன் விளைவு என்ன? ஒப்புவித்தல் போட்டிக்குப் பெயர் கொடுத்த பிள்ளை, மேடையேறும் நாளில் தொண்டை கட்டிக்கொண்டது என்று ஒதுங்கிக்கொள்கிறான். நன்றாகப் பாடக்கூடியவன் வாயே திறப்பதில்லை. எந்த வீட்டுப் பிள்ளை என்று நாம் கூறப்போவதில்லை. கூறினால் நாமும் ஒரு பட்டம் சூட்டியவர்களாவோம்.

இங்கே மூன்று பொருள்களை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். ஒருவர் பேசும் முறை ஒன்று. தம்மை ஆண் என்றோ பெண் என்றோ திருநர் என்றோ அவர் உணர்வது மற்றொன்று. அவர் மனம் யாரை நாடுகிறது என்பது மூன்றாவது. நம்மில் பெரும்பாலோர் ரயில்வேயில் பணிபுரிகிறவர்கள். முன்பதிவுப் படிவத்தை நினைத்துப் பாருங்கள். ஆண், பெண் என்பவற்றோடு மூன்றாம் பாலினம் என்னும் பிரிவும் அதில் உண்டு. ஆனால் பயணியின் குரல் கட்டையா மெல்லியதா என்று படிவம் கேட்பதில்லை. அவர் நெஞ்சம் யாரை விரும்புகிறது என்றும் கேட்பதில்லை. ஒரு காகிதத்திற்கு இருக்கும் நாகரிகம் நமக்கும் வேண்டாமா?

பேச்சை வைத்து ஆளை எடை போட்டால் எப்படி வலிக்கும் என்பது ஊர்விட்டு ஊர் வந்த நமக்குத் தெரியாததன்று. தமிழில் ‘வருகிறேன்’ என்று ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம், சொல்லில் வேறுபாடில்லை. இந்தியிலோ தன்னைப் பற்றிப் பேசும்போதே ஆண் ‘ஜாதா ஹூம்’ என்றும், பெண் ‘ஜாதீ ஹூம்’ என்றும் கூறவேண்டும். புதிதாக வந்து சேர்ந்த நம்மவர் இதில் தடுமாறி ஆணாயிருந்தும் ‘ஜாதீ ஹூம்’ என்றுவிட்டால், அலுவலகம் முழுதும் சிரிக்கிறது. வங்காளிகளுக்கும் இதே கதிதான்; அவர்கள் மொழி வினைச்சொல்லிலும் ஆண்பால் பெண்பால் இல்லை. 1968-இல் வெளிவந்த ‘படோசன்’ என்னும் இந்திப் படத்தில் மெஹ்மூத் ஏற்ற தென்னாட்டு இசையாசிரியர் வேடத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். நடிப்பு சிறந்ததே, ஆனால் அதன் பிறகு ‘மதராசி’ என்றாலே இப்படித்தான் பேசுவான் என்ற எண்ணம் வடக்கே வேரூன்ற அதுவும் துணைசெய்தது. நமக்கு இழைக்கப்பட்டபோது குறையாகத் தெரிந்தது, நாம் பிறருக்கு இழைக்கும்போது வேடிக்கையாகத் தெரியலாமா?

குரல் என்பது யாது? குரல்வளையில் உள்ள இரண்டு மடிப்புகள் மூச்சுக்காற்றால் அதிர்வதால் எழும் ஒலி. பருவம் எய்தும்போது ஆண்பிள்ளைகளுக்குக் குரல்வளை பெருத்து மடிப்புகள் நீளுகின்றன. ஆகவே குரல் தாழ்கிறது. சிலருக்கு இது முன்னே வரும், சிலருக்குப் பின்னே வரும். சிலருக்குக் குரல்வளை வளர்ந்த பின்னும் பழைய உச்சக் குரலே பழக்கமாய் நின்றுவிடும். அது தொண்டையைச் சார்ந்த செய்தி. பிள்ளையே விரும்பினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் காட்டலாம். ஆனால் அந்த மடிப்புகளின் நீளத்தில் அவனுடைய காதல் எழுதப்பட்டிருக்கவில்லை.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். ஆண்குரல் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்னும் கருத்தே காலத்துக்குக் காலம் மாறுவது. ஒலிபெருக்கி வருமுன்னர், கொட்டகையின் கடைசி வரிசைக்கும் பாட்டுக் கேட்கவேண்டும். ஆகவே உச்சக் குரலே கதாநாயகனின் பெருமையாயிருந்தது. 1933-இல் இளமையிலேயே மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் புகழ் அவர் எட்டிப் பிடித்த மேல் சுருதியால் வந்தது. எம். கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944-இல் வெளிவந்து சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதே உயர்ந்த குரலோடு இன்று ஒரு பையன் மைதானத்திற்கு வந்தால் நாம் என்ன பட்டம் கொடுப்போம்?

நாடக மேடையும் இதற்குச் சான்று. டி. கே. சண்முகம் ஔவையாராக நடித்தார்; அப்பெயரே அவர்க்கு அடைமொழியாய் நிலைத்தது. 1935-இல் வெளிவந்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். 1941-இல் ‘சாவித்திரி’யில் எம். எஸ். சுப்புலட்சுமி நாரதரானார். மராட்டிய மேடையில் பால கந்தர்வர் பெண் வேடத்தால் பெரும்புகழ் பெற்றார். குரலும் நடையும் கற்றுக்கொள்ளக் கூடியவை என்பதை இவர்கள் காட்டினர். மேடையில் இதைக் கண்டு கை தட்டிய நாம், தெருவில் கண்டால் கல் எறிவது என்ன நியாயம்?

“கேட்டாலே சிலரைத் தெரிந்துவிடுகிறதே!” என்று ஒருவர் கேட்கலாம். அறிஞர்கள் இதை ஆராய்ந்திருக்கின்றனர். 1994-இல் ருடால்ப் காடியோ என்னும் அமெரிக்க மொழியியலார், ஆண்கள் சிலர் படித்ததைப் பதிவு செய்து பிறரைக் கேட்கச் செய்தார். கேட்டவர்கள் பெரும்பாலும் சரியாகவே ஊகித்தனர். ஆனால் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கருவியால் அளந்தபோது, இதுதான் அடையாளம் என்று உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு கிட்டவில்லை. 2003-இல் ரான் ஸ்மைத், கிரெக் ஜேக்கப்ஸ், ஹென்றி ரோஜர்ஸ் என்னும் மூவர் கனடாவில் செய்த ஆய்வை வெளியிட்டனர். தன்பாலீர்ப்பு உடையவர் குரல் என்று கேட்டோர் கருதிய குரல்களில் அவ்வியல்பு இல்லாதவர் குரல்களும் இருந்தன. அவ்வாறு கருதப்படாத குரல்களில் அவ்வியல்பு உடையவர் குரல்களும் இருந்தன. ஆக, ஒருவர் குரல் எப்படித் தோன்றுகிறது என்பது வேறு, அவர் எப்படிப்பட்டவர் என்பது வேறு.

பேச்சு நடை பழகும் கூட்டத்தாலும் வருவது. இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையிலான உறவு 1967 வரை முழுக்கக் குற்றமாக இருந்தது. அச்சத்தோடு வாழ்ந்த அவர்கள் ‘போலாரி’ என்னும் மறைமொழியைத் தமக்குள் பேசிக்கொண்டனர். ஒருவரையொருவர் இனங்கண்டுகொள்ளவும், காவலரிடமிருந்து காத்துக்கொள்ளவும் அது உதவியது. நம் பிள்ளைகள் காலனிக்கென ஒரு தமிழ் பேசவில்லையா? அதுபோலத்தான். சிலர் தம் பேச்சு நடையை விரும்பியே மேற்கொள்கின்றனர். அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவ்விடத்தில்தான் நாம் மிகவும் கருத்தூன்ற வேண்டும். “உன் பிள்ளை அப்படிப்பட்டவன் அல்லன், கவலைப்படாதே” என்று ஒரு தாயைத் தேற்றுவதோடு நிறுத்திக்கொண்டால், பாதிப் பிழையைத்தான் களைந்தோம். ‘அப்படிப்பட்டவன்’ என்பது இழிவு என்னும் மற்றொரு பிழை அப்படியே நிற்கிறது. மெல்லிய குரலுடைய பலர் பெண்ணை மணந்து குடும்பம் நடத்துகின்றனர். இடிபோன்ற குரலுடைய ஒருவர் ஆணையே விரும்பலாம். ஆழ்ந்த குரலுடைய பெண்ணுக்கும் இது பொருந்தும். நம் ஊகம் தவறானாலும் ஏளனம் தவறு. ஊகம் சரியானாலும் ஏளனம் தவறே.

சட்டமும் இன்று இப்பக்கம் நிற்கிறது. ஆங்கிலேயர் 1860-இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, நெடுங்காலம் இத்தகையோரை அச்சத்தில் ஆழ்த்தியது. 2009-இல் டில்லி உயர் நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. 2013-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், வயது வந்தோர் மனமொத்து வாழ்வது குற்றமன்று என்று தீர்ப்பளித்தனர். திருமண உரிமையை 2023-இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆயினும் குற்றமன்று என்னும் நிலை மாறவில்லை. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் ‘மாற்ற’ முயல்வதைத் தடை செய்தார். மறு ஆண்டில் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. நோயில்லாதவனுக்கு மருந்து தேடி அலைந்து, இருக்கும் உறவையும் இழந்துவிட வேண்டாம்.

ஆதலால் நம் சங்கத்தாரை மூன்று செய்திகள் வேண்டிக்கொள்கிறோம். முதலாவது, அடுத்த ஆண்டு நாடகத்தில் நளினமாகப் பேசுபவன் ஒருவனை நிறுத்தி, அவன் வாய் திறந்ததுமே சபை சிரிக்கும்படியான காட்சி வேண்டாம். நகைச்சுவைக்கு வேறு பொருளா இல்லை? இரண்டாவது, பெற்றோர்களே, “ஆம்பிளை மாதிரிப் பேசு” என்று பிள்ளையை அதட்டாதீர்கள். அதட்டினால் குரல் மாறாது. உங்களிடம் பேசுவதுதான் நின்றுபோகும். மூன்றாவது, நாளை ஒரு பிள்ளை, “அப்பா, அம்மா, என் மனம் இப்படி” என்று துணிந்து கூறினால், காலனி என்ன சொல்லும் என்று எண்ணுமுன், அவன் சாப்பிட்டானா என்று கேளுங்கள். சொந்த ஊரில் பாட்டி, மாமா, சித்தப்பா என்று ஓடி ஒளிய நாலு வீடு உண்டு. இங்கே அவனுக்கு உங்கள் வீடு ஒன்றுதான். அடுத்ததாக இந்தச் சங்கம். அவ்விரண்டும் கதவடைத்தால் அவன் ஏறிப் போகும் ரயில் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

நம் குழந்தைகள் வீட்டிற்கு வெளியே நாளெல்லாம் வேற்றுமொழி பேசுகிறார்கள். அவர்கள் வாயிலிருந்து தமிழ் வருவதே நமக்கு அருமை. அது மெல்லிய குரலில் வந்தால் என்ன, கனத்த குரலில் வந்தால் என்ன? வரட்டும், காது கொடுத்துக் கேட்போம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!