ஜப்பானிய வாக்கியம்: தமிழ்லேர்ந்து நேரா போகலாம்

எழுத்துகளைப் பார்த்து முடிச்சாச்சு. இன்னைக்கு வாக்கியம்.

என்கிட்ட ஜப்பானியம் படிக்க வர்றவங்கள்ல நிறைய பேர் ஒரே வேலையைச் செய்றாங்க. தமிழ்ல யோசிக்கிறாங்க, அதை இங்கிலீஷுக்கு மாத்துறாங்க, அப்புறம் இங்கிலீஷ்லேர்ந்து ஜப்பானியத்துக்குப் போறாங்க. பாடப்புத்தகம் இங்கிலீஷ்ல இருக்கிறதால வந்த பழக்கம் இது. ரெண்டு மாசத்துல களைச்சுப்போய், "நமக்கு இது வராதுப்பா"ன்னு நிறுத்திடறாங்க. நேரா போற ரயிலை விட்டுட்டு நடுவுல ஒரு ஸ்டேஷன்ல இறங்கி ஏறினா களைப்பு வரத்தானே செய்யும்?

முதல் விதி: வினை கடைசியில. 'வதாஷி வா ஹோன் ஓ யோமிமாஸ்.' வதாஷின்னா நான், ஹோன்னா புத்தகம், யோமிமாஸ்னா படிக்கிறேன். அப்படியே நம்ம வரிசை. ஹோனுக்குப் பின்னாடி வர்ற 'ஓ'தான் நம்ம 'ஐ'. அதாவது, புத்தகத்தை. 'வா'வுக்குக் கொஞ்ச நேரத்துல வர்றேன்.

இந்த ஒட்டுகளுக்கு 'ஜோஷி'ன்னு பேர். நம்ம வேற்றுமை உருபு மாதிரி, பேருக்குப் பின்னாடி ஒட்டும். 'கரா'ன்னா இருந்து, 'மதே'ன்னா வரைக்கும். சென்னை கரா தோக்கியோ மதே: சென்னைலேர்ந்து தோக்கியோ வரைக்கும். 'மோ'ன்னா உம், வதாஷி மோ, நானும். கேள்விக்கு நாம 'ஆ' போடுற இடத்துல அவங்க 'கா' போடுவாங்க: இகிமாஸ் கா? போறீங்களா?

இப்போ இதைக் கேளுங்க. 'கினோ கத்தா ஹோன்.' கினோ, நேத்து. கத்தா, வாங்கின. நேத்து வாங்கின புத்தகம். இங்கிலீஷ் வழியா வர்றவங்க புத்தகத்தை முன்னாடி வெச்சு, நடுவுல ஒரு இணைப்புச் சொல்லைத் தேடுவாங்க. உங்களுக்கு அந்தத் தேடலே வேணாம். ஸ்கூல்ல பெயரெச்சம்னு படிச்சோமே, அதுதான் இது.

வினையெச்சமும் இருக்கு. 'தபேதே'ன்னா சாப்பிட்டு. 'மிரு'ன்னா பார்க்கிறது. 'தபேதே மிரு'ன்னா என்ன? சாப்பிட்டுப் பார்க்கிறது! கண்ணால பார்க்கிறது இல்ல, ருசி எப்படின்னு பார்க்கிறது. இன்னொண்ணு: 'கத்தே'ன்னா வாங்கி, 'ஓகு'ன்னா வைக்கிறது. 'கத்தே ஓகு', நாளைக்கு உதவும்னு வாங்கி வைக்கிறது. இதுக்கெல்லாம் விளக்கமே தேவையில்ல, நம்ம நாக்குல ஏற்கெனவே இருக்கு.

உடனே ஒரு கேள்வி வரும்: அப்போ ஜப்பானியம் தமிழ்லேர்ந்து வந்ததா? சுசுமு ஓனோன்னு ஒரு ஜப்பானிய அறிஞர் ரெண்டுக்கும் உறவு இருக்குன்னு வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏத்துக்கல. வினையைக் கடைசியில வைக்கிற பழக்கம் கொரியனுக்கும் துருக்கிக்கும்கூட உண்டு. சொந்தமோ இல்லையோ, படிக்கிறதுக்கு உதவுது. நமக்கு அது போதும்.

ஆனா தமிழ் கைவிடற இடங்களும் இருக்கு. அதைத் தெரிஞ்சுக்காம போனா பரீட்சையில மாட்டுவீங்க.

ஒண்ணு, நம்ம 'ல'. ஆபீஸ்ல வேலை செய்றேன், ரயில்ல போறேன், வீட்ல இருக்கேன். நமக்கு மூணும் ஒரே 'ல'. அவங்களுக்கு முதல் ரெண்டும் 'தே', 'தேசம்'ல வர்ற தே. கைஷா தே ஹதராகிமாஸ், தென்ஷா தே இகிமாஸ். ஆனா வீட்ல சும்மா இருக்கிறதுக்கு 'நி': இயே நி இமாஸ். ஒரு செயல் நடக்கிற இடம்னா தே. இருக்கிறது, குடியிருக்கிறதுன்னா நி.

ரெண்டு, நம்ம 'இரு'. பூனை இருக்கு, பேனா இருக்கு. அவங்க மனுஷங்க, விலங்கு மாதிரி தானா நகர்றதுக்கு 'இமாஸ்', மத்ததுக்கு 'அரிமாஸ்'னு பிரிப்பாங்க.

மூணு, வினையில ஆள் கிடையாது. வந்தேன், வந்தா, வந்துச்சு, எல்லாத்துக்கும் 'கிமாஷிதா' மட்டும்தான். யார் வந்ததுன்னு பேச்சுல இருந்துதான் புரிஞ்சுக்கணும்.

நாலாவது பெருசு: வா, கா. இந்தக் 'கா', கேள்விக் கா இல்ல. 'காந்தி'ல வர்ற கா. ரெண்டும் எழுவாய்க்குத்தானே வருதுன்னு குழம்புவாங்க. "நான் வந்து..."ன்னு ஆரம்பிச்சு ஒரு நொடி நிறுத்துவோமே, அந்த நிறுத்தம்தான் 'வா'. இதைப் பத்திப் பேசப்போறேன்னு சொல்றது. ஹோட்டல்ல ஒருத்தர் 'வதாஷி வா கோஹீ தெஸ்'னு சொன்னா, "நான் ஒரு காபி"ன்னு அர்த்தமில்ல. என் விஷயத்துல காபி, அதாவது எனக்குக் காபி.

'கா' புதுசா ஒண்ணைச் சுட்டிக் காட்டும். "யார் வந்தது?"ன்னு கேட்டா, 'தனாகா சான் கா கிமாஷிதா'. தனாகாதான் வந்தார். யார், எது மாதிரி கேள்விச் சொல்லுக்குப் பின்னாடி வா போடாதீங்க; பதில்லயும் அதே கா. இந்த ஒரு விதியைப் பிடிச்சுக்கிட்டா ஆரம்பத்துக்குப் போதும்.

கடைசியா மாஸ், தெஸ். இது மரியாதைன்னு சொன்னதும் 'அவர் வர்றார்'ங்கிற 'ஆர்'தானேன்னு நினைப்பாங்க. அந்த 'ஆர்' வர்ற ஆளுக்கான மரியாதை. மாஸ், கேட்கிற ஆளுக்கான மரியாதை. கோயம்புத்தூர்ப் பக்கம் "நாய் வருதுங்க"ன்னு சொல்வாங்க இல்லையா? மரியாதை நாய்க்கு இல்லையே, எதிர்ல நிக்கிறவருக்குத்தானே? அந்த 'ங்க'தான் மாஸ்.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை தர்றேன். இன்னைக்கு நீங்க செஞ்சதைத் தமிழ்ல அஞ்சு வரி எழுதுங்க. பேச்சுத் தமிழ்லயே எழுதுங்க. ஒவ்வொரு உருபுக்கும் கீழ ஒரு கோடு போட்டு, அதுக்குரிய ஜோஷியை எழுதுங்க. 'ல' வந்தா நிறுத்தி, இது எந்த ல-ன்னு கேளுங்க. ஜூலையிலோ டிசம்பர்லயோ என்5 எழுதப் போறவங்களுக்கு, சரியான ஜோஷியைத் தேர்ந்தெடுக்கச் சொல்ற கேள்விகள்ல இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

அடுத்த எபிசோட்ல அந்த வினையெச்சத்தை எப்படி உருவாக்குறதுன்னு பார்ப்போம். அதுவரைக்கும், ஜா, மதா!