பொலிடோல்: போத்தல் போனாலும் பேர் போகவில்லை

(தோட்டக் குடும்பக் கூட்டமொன்றில் ஆற்றிய பேச்சு)



இன்றைக்கு ஒரு நஞ்சைப் பற்றிப் பேசப் போகிறேன். பேரைச் சொன்னதும் வயசானவர்களுக்கு விளங்கும்: பொலிடோல். இளம் பிள்ளைகள் அந்தப் போத்தலைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். இருந்தாலும் யாராவது எந்தப் பூச்சி மருந்தைக் குடித்தாலும் "பொலிடோல் குடிச்சிட்டான்" என்று சொல்கிற பழக்கம் இன்னமும் போகவில்லை.

"மருந்து" என்கிறோமே, அந்தச் சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, கோவாவுக்கு அடிப்பதும் மருந்து என்றால் நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? வீட்டில் "நஞ்சு" என்றே சொல்லிப் பழகுங்கள்.

பொலிடோல் என்பது கடைப்பேர். உள்ளே இருந்த சரக்கின் பேர் பரத்தியன். ஜேர்மனியில் ஜெரார்ட் சிராடர் என்ற இரசாயன விஞ்ஞானி 1944ஆம் ஆண்டளவில் அதைச் செய்தார். அதே ஆள்தான் பூச்சிக்கொல்லி தேடப்போய், 1936இல் தபுன் என்ற யுத்த நச்சுவாயுவையும் கண்டுபிடித்தவர். இரண்டும் ஒரே குடும்பத்துச் சரக்கு. பயிருக்கு அடித்ததும் மனிதரைக் கொல்லச் செய்ததும் சகோதரங்கள் என்றால் அதன் கடுமை உங்களுக்கு விளங்கும்.

அது உடம்பில் என்ன செய்கிறது? அந்தக் காலத்தில் பிரட்டுக்குத் தப்படிப்பார்கள். ஆட்கள் வந்து சேர்ந்ததும் நிறுத்திவிடுவார்கள். நம் நரம்பும் அப்படித்தான். "சுருங்கு" என்று தசைக்குச் செய்தி அனுப்பும். வேலை முடிந்ததும் அந்தச் செய்தியை அழிக்க ஒரு நொதியம் இருக்கிறது. இந்த நஞ்சு அந்த நொதியத்தைக் கட்டிப்போட்டுவிடும். பிறகு தப்பு நிற்காது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், உடம்பெல்லாம் வியர்க்கும், கண்மணி ஊசிமுனை மாதிரிச் சுருங்கும், வயிற்றால் போகும், தசை துடிக்கும். நெஞ்சில் சளி நிறைந்து, மூச்செடுக்கிற தசையும் ஓய்ந்துபோகும். உயிர் போவது அதனால்தான். குடித்தால்தான் என்றில்லை, தோலில் பட்டாலும் உள்ளே இறங்கும்.

ரொட்டி சுடுகிற நம் வீடுகளில் தெரிந்திருக்க வேண்டிய கதை ஒன்று உண்டு. 1958இல் கேரளத்துக்குக் கப்பலில் கோதுமை மா வந்தது. அதே கப்பலில் இந்தப் பரத்தியனும் வந்தது. நஞ்சு கசிந்து மாவில் ஊறியது யாருக்கும் தெரியவில்லை. அந்த மாவில் செய்ததைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் இந்தியாவில் பூச்சிக்கொல்லிச் சட்டம் கொண்டுவந்தார்கள், 1968இல். இதைக் கேட்ட பிறகும் மா மூட்டைக்குப் பக்கத்தில் நஞ்சு டின்னை வைப்பீர்களா? சில காம்பராக்களில் நான் பார்த்திருக்கிறேன். இடம் போதாது என்கிறார்கள். உண்மைதான், லயத்துக் காம்பராவில் இடம் ஏது? அதற்காக அடுப்படியிலா வைப்பது?

நம் நாட்டில் 1980இல் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1984இல் பரத்தியனைத் தடை செய்தார்கள். ஆனால் அதோடு சாவு குறையவில்லை. மொனோகுரோட்டபொஸ், மெத்தமிடபொஸ் என்று அதே குடும்பத்துச் சரக்கு அந்த இடத்துக்கு வந்துவிட்டது. 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிகக் கூடிய கணக்குகளில் அது ஒன்று. அந்த வருஷமே அந்த இரண்டையும் சேர்த்து, மிகக் கடுமையான இனத்தில் மிச்சமிருந்தவற்றையும் நிறுத்தினார்கள். 1998இல் எண்டோசல்பன் போனது. 2008க்கும் 2011க்கும் இடையில் டைமெத்தொயேட், பென்தியன், பரகுவாட் ஆகியவையும் கட்டம் கட்டமாகப் போயின. 2005 ஆகும்போதே அந்த 47 ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. 1995க்கும் 2015க்கும் இடையில் சுமார் 93,000 உயிர் இதனால் தப்பியது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். விளைச்சல் விழுந்துவிடும் என்று பயந்தவர்களும் இருந்தார்கள். இந்தத் தடைகளால் விளைச்சல் விழவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வருஷங்களில் வீட்டுச் சண்டை குறைந்துவிட்டதா? கடன் தீர்ந்துவிட்டதா? இல்லையே. பிறகு எப்படி இத்தனை பேர் தப்பினார்கள்? நஞ்சு எடுக்கிறவர்களில் கனபேர் மாதக்கணக்காக யோசித்து எடுக்கிறவர்கள் இல்லை. புருஷனோடு சண்டை, அப்பா ஏசினார், பரீட்சை சரிவரவில்லை என்று அந்த அரை மணித்தியாலத்தில் கைக்கு எட்டியதை எடுத்தவர்கள். கோபம் ஆறும். ஆறுகிற வரைக்கும் உயிர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முன்பு கைக்கு எட்டியது பொலிடோல். அதில் திரும்பி வர வழி குறைவு. சட்டம் அதைக் கடையிலிருந்து தூக்கியது. மிச்சமிருப்பதை வீட்டிலிருந்து தூக்குவது நம் வேலை. மரக்கறி போடுகிறவர்கள் அன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். மிஞ்சினால் காம்பராவுக்குள் கொண்டுவராமல் வெளியே பூட்டி வையுங்கள். வீட்டில் சண்டை நடந்த அன்றைக்குச் சாவி யார் கையில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

யாராவது மனம் விட்டுப்போய் "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்று பேசினால் வாயை அடக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்து ஆட்கள் பேசுவார்கள்.

அப்படியும் நஞ்சு உள்ளே போய்விட்டால் 1990க்கு அம்புலன்ஸ் கேளுங்கள். உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நெஞ்சுக்குள் இறங்கினால் இன்னும் மோசம். உடுப்பில் பட்டிருந்தால் கழற்றிவிட்டு, சவர்க்காரம் போட்டு உடம்பைக் கழுவுங்கள். உங்கள் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மயக்கமாக இருந்தால் இடது பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். நஞ்சுப் போத்தலையும் லேபலோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். என்ன நஞ்சு என்று தெரிந்தால் டொக்டருக்கு வைத்தியம் லேசு. இந்தக் குடும்பத்து நஞ்சுக்கு அத்ரோபின் என்ற ஊசி இருக்கிறது, பிந்தினால்தான் கஷ்டம். "பொலிஸ் கேஸ் ஆகிவிடும்" என்று மறைக்க வேண்டாம்.

வரும்போது ஒரு அம்மா கேட்டாங்க, வெறும் போத்தலை நல்லாக் கழுவி மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கலாமா என்று. கூடாது அம்மா. எத்தனை தரம் கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறினது போகாது. ஸ்ப்ரே டாங்கிக்குக் கலக்கும்போதே மூன்று தரம் அலசி, அந்தத் தண்ணியை டாங்கிக்குள்ளேயே ஊற்றுங்கள். பீலிக்கரையில் அலச வேண்டாம், கீழ் லயத்து ஆட்கள் அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறார்கள். பிறகு போத்தலில் ஓட்டை போட்டுவிடுங்கள், யாரும் எடுத்துப் பாவிக்க மாட்டார்கள். எரிக்கவும் வேண்டாம். எங்கே கொடுப்பது என்று விவசாய உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.