யோகமும் இல்லமும் நூலும்

(இளைஞர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



யோகம் என்றதும் நம்மவர் உள்ளத்தில் இரண்டு காட்சிகள் எழுகின்றன. ஒன்று, உடலை வில்லாய் வளைத்து நிற்கும் வித்தை. மற்றொன்று, வீட்டைத் துறந்து போகும் துறவு. முன்னதைக் கண்டு இளைஞர் வியக்கின்றனர். பின்னதை எண்ணிப் பெற்றோர் அஞ்சுகின்றனர். மகன் விடியலில் கண்ணை மூடி அமர்ந்தால், "இவன் இனிக் கலியாணத்துக்குச் சம்மதிப்பானோ?" என்று கவலைப்படும் தாய்மாரும் உளர்.

இந்த வியப்பும் அச்சமும் வேண்டாதவை. நமது திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கின்றார். இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன அவ்வெட்டு உறுப்புகள். உடலை வளைக்கும் ஆதனம் மூன்றாவதாகவே வருகின்றது. அதற்கு முன் நிற்பவை ஒழுக்கமும் ஒழுங்கும். ஐக்கிய நாடுகள் சபை 2014ஆம் ஆண்டில் யூன் 21ஆம் திகதியை அனைத்துலக யோகா தினமாக அறிவித்தது. நல்லதே. ஆனால், ஆண்டுக்கொரு நாள் பாய் விரித்துப் படம் எடுத்துவிட்டு மற்ற நாட்களில் மறந்திருப்பது எட்டில் எந்த உறுப்பிலும் சேராது.

துறவிக்கே யோகம் என்பாருக்கு விடையாக வாழ்ந்தவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1888இல் கன்னட நாட்டில் பிறந்தவர். சாத்திரங்களைத் துறைபோகக் கற்றவர். அத்தகைய புலமையுடையவர் மணம் புரிந்து, மக்களைப் பெற்று, இல்லறத்தானாகவே நூறாண்டு வாழ்ந்து 1989இல் மறைந்தார். மைசூர் அரண்மனையில் யோகம் கற்பித்தவர், பின்னர் சென்னையில் குடியேறி, நோயாளரை ஒவ்வொருவராக இருத்திக் கற்பித்தார். முதியவருக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று, நோயாளிக்கு வேறொன்று என ஆளுக்கேற்ப யோகத்தை அமைத்தார். ஆளை யோகத்துக்கேற்ப முறுக்கவில்லை. பொறியியல் கற்ற அவர் மகன் தேசிகாச்சார் அவரிடமே பயின்று, 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தை நிறுவினார். தந்தை குருவாகவும் மகன் மாணவனாகவும் அமர்ந்த வீடு அது. இல்லம் யோகத்துக்குத் தடை என்று இனி எவர் கூறுவார்?

இனி நூலுக்கு வருகின்றேன். பதஞ்சலி முனிவர் நியமங்களுள் ஒன்றாகச் சுவாத்தியாயத்தை, அதாவது உயர்ந்த நூல்களை ஓதித் தன்னையும் அறிதலை, வைத்தார். திருமூலரோ தாம் கூறும் பத்து நியமங்களுள் சித்தாந்தக் கேள்வியைச் சேர்த்தார். கேள்வி என்றால் கேட்டல். கேட்பதற்கு ஒருவர் வேண்டும். படித்துச் சொல்வதற்கு இன்னொருவர் வேண்டும். எனவே இந்த நியமம் வீட்டிலே இருவர் கூடினால்தான் நிறைவேறும். நான் பயின்ற மிஷன் பாடசாலையில் நாள் தவறாது வேதாகமம் உரக்க வாசிக்கப்படும். நம் வீடுகளிலோ திருமுறை பட்டுத் துணியில் பொதிந்து சுவாமி அறையில் உறங்குகின்றது. கண் மங்கிய அம்மம்மா அதற்கு எதிரே தனித்திருக்கின்றார். பேரன் அடுத்த அறையில் கைத்தொலைபேசியோடு இருக்கின்றான்.

நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம் கரையோர ஊர்களில் வீட்டுக்கு வீடு பேசப்படுகின்றன. யோகம் செய்கிறோம் என்று மருந்தை நிறுத்துவது பேதைமை. வைத்தியர் தரும் குளிசையை ஒழுங்காக உட்கொள்ளுங்கள். அவர் ஆலோசனையோடு மூச்சையும் உடலையும் பழக்குங்கள். ஆயினும், பேசுவாரின்றி வாடும் முதியவரின் துயருக்கு எந்தக் கடையிலும் குளிசை இல்லை.

ஒழுங்கு எப்படி வரும் என்று தொலைவில் தேட வேண்டாம். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நம் முஸ்லிம் சகோதரர் விடியுமுன் எழுந்து பள்ளிவாசலுக்குச் செல்வதை நாள்தோறும் காண்கின்றோம். அவர் நெறி அவருக்கு, நம் நெறி நமக்கு. எனினும் நேரம் தவறாமையை அயலாரிடம் கற்பதில் இழுக்கில்லை.

பக்கத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் துறவியானார், உண்மை. ஆயினும் அவர் ஓய்ந்திருந்தாரல்லர். 'இராமகிருஷ்ண விஜயம்' என்னும் திங்களிதழை நடத்தினார். மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். பல்லாண்டு ஆராய்ந்து 1947இல் யாழ் நூலைத் தந்தார். இல்லறத்தார் பிள்ளைகள் கற்பதற்காகவே அத்துறவி உழைத்தார்.

தோழர்களே, உங்களிடம் ஒன்றே வேண்டுகின்றேன். நாளை மாலை தொடங்கி அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பத்து நிமிடம் முதுகை நிமிர்த்தி அமர்ந்து மூச்சை அமைதியாகக் கவனியுங்கள். மீதி இருபது நிமிடம், வீட்டிலுள்ள முதியவரின் அருகிருந்து ஒரு நல்ல நூலை உரக்கப் படியுங்கள். பெரியோர்களே, பிள்ளை பிழையாக உச்சரித்தால் சினவாது திருத்துங்கள். பட்டுத் துணியை அவிழ்க்க இளைஞரும், செவி கொடுக்க முதியோரும் முன்வந்தால், யோகம் நம் வீட்டுத் திண்ணைக்கே வரும்.