வினை இறுதியில் நிற்கும் அச்சுமொழி
(மாணாக்கர் மன்றத்தில் ஆற்றிய உரை)



கணிப்பொறிக்குக் கட்டளையிட ஆங்கிலத் தொடரமைப்பே ஏற்றது, தமிழ் நடை ஒவ்வாது என்பார் உளர். அவர்க்கு விடையாக ஒரு மொழியைக் காட்டுவேன். சான் வார்னாக்கும் சார்லசு கெசுக்கியும் 1982-இல் தொடங்கிய அடோபி நிறுவனம், 1984-இல் வெளியிட்ட போசுட்டுகிரிப்டு என்னும் பக்க விளக்க மொழியே அது.

அம்மொழி படத்தைக் கோடும் வளைவுமாக எண்களால் கூறும். ஆதலின் எத்துணைப் பெருக்கினும் விளிம்பு சிதையாது. தாளின் இடப்புறக் கீழ்மூலையே தொடக்கம். ஓர் அங்குலம் 72 அலகு. '72 72 செல், 144 72 கோடிடு, தீட்டு, பக்கம் வெளியிடு' எனப் பொருள்படும் கட்டளைகளைத் தந்தால், ஓரங்குலக் கோடு தாளில் விழும்.

கட்டளைச் சொற்கள் ஆங்கிலமே. வரிசையோ நம்முடையது! எண்கள் முன்னே, வினை பின்னே. எண்களை அடுக்கில் ஏற்றிவைத்து, வினை வந்ததும் எடுத்தாள்வதே அதன் இயக்கம். தமிழைப் பார்த்து ஆக்கியதன்று. எனினும் 'சந்தைக்குப் போ' என்னும் குழந்தைக்கு இவ்வரிசை புதிதன்று. மேலும், புதுக்கட்டளைகளை நாமே பெயரிட்டு வரையறுக்கவும் அதில் இடமுண்டு.

எனவே தமிழ் வினைகளைக் கொண்டே இதனைப் பயிலுங்கள். தமிழால் முடியும் என்பது மேடை முழக்கமாய் நில்லாது, தாளில் கோடாக விழட்டும்!